‘கோல்டு செட்டிங்’: குளிர்வளைப்பா, நிலைவளைப்பா?

நண்பர்களுக்கு வணக்கம்.

நம் குழுவின் மிதிவண்டிச் சொற்பட்டியலில் ‘கோல்டு செட்டிங்’ (எஃகுச் சட்டகத்தின், அதாவது ஃபிரேமின், குழாயைச் சூடேற்றாமல் வளைத்துப் புதிய அளவில் நிற்கச் செய்வது) என்ற பதிவுக்கு எதிரே இன்னும் தமிழ்ச்சொல் ஏறவில்லை. சென்ற வாரம் இங்கே மூன்று பரிந்துரைகள் வந்தன. ஒருவர் குளிர்வளைப்பு என்றார். அம்மையார் ஒருவர் அதையே செதுக்கித் தண்வளைப்பு என்றார். மூன்றாமவர், கடைகளில் ஏற்கெனவே வழங்கும் அகட்டல் இருக்கையில் புதுச்சொல் எதற்கு என்று கேட்டார். கையிலிருக்கும் ஒரு சட்டகத்தின் மேல் இந்த மூன்று சொற்களையும் வைத்துப் பார்த்த பிறகு, நான்காவதாக நிலைவளைப்பு என்பதை முன்மொழிகிறேன். காரணங்களைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

சட்டகம் கீழக்கரையில் ஒரு பழைய இரும்புக்கடையில் எடைக்குப் போடப்பட்டிருந்தது. வளைகுடாவில் வேலை பார்த்தவர் யாரோ கொண்டுவந்த ரேஸ் சைக்கிளாக இருக்கலாம் என்றார் கடைக்காரர். சக்கரமும் கைப்பிடியும் செயினும் போய், குழாய்கள் மட்டுமே மிஞ்சியிருந்தன. உப்புக்காற்றில் வண்ணம் கொப்புளம் கட்டியிருந்தாலும், குழாய்கள் சேரும் மூட்டுகளில் பித்தளைப் பற்றவைப்பின் மஞ்சள் விளிம்பு ஓரிடத்திலும் விடுபடவில்லை. கடைக்காரர் தம் மேசைக் காந்தத்தை வைத்துப் பார்த்தார். எல்லாக் குழாயிலும் ஒட்டியது. எஃகு என்று உறுதியான பிறகுதான் இதை மீண்டும் ஓடும் வண்டியாக்கும் எண்ணமே எழுந்தது.

பின்சக்கரத்தின் அச்சு உட்காரும் இரண்டு பிளவுத் தகடுகளுக்கு ‘அச்சுவாய்’ என்ற சொல்லை நாம் முன்பே ஏற்றிருக்கிறோம். இந்தச் சட்டகத்தில் அச்சுவாய்களின் இடைவெளி 126 மி.மீ.; பின்சக்கரத்தில் 6 அல்லது 7 பல்சக்கரங்கள் இருந்த காலத்து அளவு அது. 8 முதல் 11 பல்சக்கரங்கள் வரை கொள்ளும் சாலை மிதிவண்டிக் குடங்களுக்கு 130 மி.மீ. வேண்டும். (ஹப் என்பதற்கு மாட்டுவண்டிக்காரர் சொல்லும் குடம் என்ற சொல்லையே நாம் வைத்துக்கொண்டது நல்ல முடிவு.) ஆகவே பின்சக்கரத்தை இரு பக்கமும் தாங்கும் பின்கவையைப் பக்கத்துக்கு 2 மி.மீ. வீதம் திறக்க வேண்டும்; திறந்தது திறந்தபடியே நிற்கவும் வேண்டும். இந்த வேலைக்குத்தான் நாம் பெயர் தேடுகிறோம்.

செய்முறை எளிது. சட்டகத்தை அசையாமல் கட்டிவிட்டு, நீண்ட மரச்சட்டம் ஒன்றின் முனையை இருக்கைக் குழாயில் முட்டுக்கொடுத்து, அதன் நடுப்பகுதி ஒரு பக்கக் கவையின் உள்முகத்தில் படும்படி வைத்து, மறுமுனையை மெல்ல இழுக்க வேண்டும். மரை வெட்டிய தண்டை இரண்டு அச்சுவாய்களுக்கும் நடுவே வைத்து நட்டைத் திருகித் தள்ளும் வழக்கமும் உண்டு. ஆனால் அப்படிச் செய்தால் எந்தப் பக்கம் முதலில் இளகுகிறதோ அந்தப் பக்கமே மேலும் மேலும் போய்க்கொண்டிருக்கும். இடைவெளி சரியாக வந்தாலும் சக்கரம் சட்டகத்தின் நடுக்கோட்டை விட்டு விலகிவிடும். ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியே இழுப்பதே சரி. நடுக்கோட்டைச் சரிபார்க்கத் தூண்டில் நரம்பே போதும். ஓர் அச்சுவாயில் முடிந்து, முன்னால் கைப்பிடித் தண்டு நுழையும் தலைக்குழாயைச் சுற்றிக் கொண்டுவந்து, மறு அச்சுவாயில் இழுத்துக் கட்டி, இருக்கைக் குழாய்க்கும் நரம்புக்கும் உள்ள இடைவெளியை இரு பக்கமும் வெர்னியரால் அளந்தால், கோணல் எந்தப் பக்கம், எவ்வளவு என்பது தெரிந்துவிடும்.

பக்கத்துக்கு 2 மி.மீ. வேண்டுமென்று 2 மி.மீ. மட்டும் இழுத்துவிட்டால் ஒன்றுமே நடக்காது. கையை எடுத்ததும் குழாய் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். மீட்சி எல்லையைத் தாண்டும் வரை எஃகு எதையும் விட்டுக்கொடுப்பதில்லை. தாண்டிய பிறகு, தாண்டிய அளவு மட்டுமே தங்கும். சாதாரண எஃகானாலும் குரோமியம்-மாலிப்டினம் கலந்த எஃகானாலும் விறைப்பைக் காட்டும் யங் குணகம் ஏறத்தாழ 200 கிகாபாஸ்கல்தான். ஆகவே ஒரே அளவுள்ள குழாய்கள் ஒரே விசைக்கு ஏறக்குறைய ஒரே அளவுதான் வளையும். வேறுபடுவது மீட்சி எல்லை. வலிமை கூடிய எஃகை வெகுதூரம் இழுத்த பின்புதான் சிறிதளவு தங்கும். நம் ஊர்ப் பெரிய சைக்கிளின் பின்கவையை அகட்டிப் பழகிய கை, இந்த ரேஸ் சட்டகத்தில் திகைத்து நிற்பதற்குக் காரணம் இதுவே. இழுத்து, விட்டு, அளந்து, மறுபடியும் சற்றுக் கூடுதலாக இழுத்துத்தான் அளவை எட்ட முடியும்.

ஆக, இந்த வேலையின் உயிர் குளிரில் இல்லை, நிலைத்தலில் இருக்கிறது. குளிர்வளைப்பு, தண்வளைப்பு இரண்டையும் நான் ஏற்காததன் முதற்காரணம் இது. ஆங்கிலத்தில் ‘கோல்டு’ என்ற அடை, உலையில் காய்ச்சி வளைக்கும் முறையிலிருந்து இதைப் பிரித்துக் காட்டுவதற்காக வந்தது. தமிழில் குளிர் என்றதும் குளிரூட்டல்தான் நினைவுக்கு வரும். முதன்முறை படிக்கும் ஒரு மாணவர், சட்டகத்தைப் பனிக்கட்டியில் வைக்க வேண்டுமோ என்று ஐயுற்றால் அவரைக் குறைசொல்ல முடியாது. தண் என்பது ஓசையில் இனிது. பொருளில் அதே சிக்கல்தான். சூடேற்றக் கூடாது என்பதை வரையறையில் ஒரு வரியாகச் சொல்லிவிடலாம். பெயரின் முதற்பாதியை அதற்குக் கொடுத்துவிட்டால், சொல்லியே ஆக வேண்டியதற்கு இடமில்லாமல் போகிறது.

அகட்டல் மிக நல்ல சொல், இழக்கக் கூடாதது. ‘காலை அகட்டி நில்’ என்று சொல்லும் எவருக்கும் கவையை அகட்டுவது என்றால் விளக்கம் தேவைப்படாது. ஆனால் அது பாதி வேலையின் பெயர். 130 மி.மீ. சட்டகத்தில் 126 மி.மீ. குடத்தைப் பொருத்த விரும்புகிறவர் கவையை உள்ளே ஒடுக்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்த கவையை நடுவுக்குக் கொண்டுவருபவர் அகட்டுவதும் இல்லை, ஒடுக்குவதும் இல்லை. இவை அனைத்தும் ஆங்கிலத்தில் ஒரே பெயரில் அடங்குகின்றன. எனவே அகட்டல், ஒடுக்கல் இரண்டையும் உட்பிரிவுகளாக வைத்து, மேலே ஒரு பொதுச்சொல் வைப்பதே முறை.

அந்தப் பொதுச்சொல்லாகக் கோட்டம் எடுத்தல் என்பதை ஏன் வைக்கக் கூடாது என்று யாரேனும் கேட்கக்கூடும். நானும் அதைத்தான் முதலில் எண்ணிப்பார்த்தேன். சக்கரம் ஆடினால் சைக்கிள் கடையில் கோட்டம் எடுக்கிறார்கள். மண்டபத்திலும் பாம்பனிலும் விசைப்படகின் ஷாப்டு வளைந்துவிட்டால் லேத் பட்டறைக்குக் கொண்டுவருபவரும் ‘கோட்டம் எடுத்துக் கொடுங்கள்’ என்றுதான் கேட்கிறார். ஆயினும் கோட்டம், குறளின் சொற்கோட்டம் தொடங்கி இன்றைய பட்டறை வரை, நேராக இருக்க வேண்டியது நேராக இல்லாத குறையைக் குறிக்கிறது. 126 மி.மீ. என்பது குறையன்று, அந்தச் சட்டகம் பிறந்த அளவு. அளவறிந்து, வேண்டுமென்றே உண்டாக்கும் வளைவைக் கோட்டம் என்றால் கேட்கும் மெக்கானிக் ஏற்க மாட்டார். உண்மையிலேயே ஒரு பக்கம் சாய்ந்த கவையை நேராக்கும்போது மட்டும் அந்தச் சொல் பொருந்தும். அங்கே அதுவே இருக்கட்டும்.

நிலைவளைப்பு என்பதில் வளைப்பு பிறவினைப் பெயர். ஒருவர் செய்யும் செயல். அதன் தன்வினை இணையான நிலைவளைவு, அந்தச் செயலால் குழாயில் தங்கிவிட்ட வளைவைக் குறிக்கும். பொறியியலில் ‘பர்மனென்ட் செட்’ எனப்படுவதற்கு இதே வேரிலிருந்து ஒரு சொல் கிடைப்பது கூடுதல் பயன். விட்டதும் திரும்பிவிடுவது மீள்வளைவு. மூன்றும் ஒரு குடும்பமாக நிற்கின்றன. நிலை என்பதை ‘நின்ற நிலையில்’ என்று பிறழக் கொள்வார்களோ என்ற தயக்கத்துக்கு நிலைவைப்பு, நிலைப்பேறு போன்ற சொற்கள் பதில் தருகின்றன. அங்கெல்லாம் நிலை, நீடித்து நிற்பதைத்தான் சொல்கிறது.

இந்தச் சொல்லை நான் வலியுறுத்துவதற்கு மற்றொரு காரணம் பாதுகாப்பு. வளைவு நிலைக்குமா என்ற கேள்வியைப் பெயரே எழுப்புகிறது. கார்பன் இழைச் சட்டகத்தில் நிலைவளைவு கிடையாது. வளையும், திரும்பும், அதற்கு மேல் முறியும். அலுமினியச் சட்டகத்தில் பற்றவைத்த இடத்தருகே விரிசல் விழும் ஆபத்து இருப்பதால் அதிலும் செய்யலாகாது. எஃகிலும் வளைத்த பின் ஒரு வேலை மிச்சமிருக்கிறது: கவை விரிந்ததும் அச்சுவாய்கள் இரண்டும் ஒன்றுக்கொன்று இணையாக இராமல் சற்றே திரும்பியிருக்கும். அவற்றை நேராக்காமல் சக்கரத்தை இறுக்கினால் அச்சு எப்போதும் வளைவிசையிலேயே இருந்து ஒருநாள் முறியக்கூடும். நம் கடலோரத்தில் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். உப்பு ஏறிய ஈரம் குழாய்களின் வழியே இறங்கி, மிதி அச்சைத் தாங்கும் பி.பி. கப் இருக்கும் அடிக்கூட்டில் தேங்கி, கீழ்க்கவைக் குழாயை உள்ளிருந்து தின்றிருக்கும். வெளியே வண்ணம் முழுமையாக இருந்தாலும் உள்ளே தகடு மெலிந்திருக்கலாம். அப்படிப்பட்ட குழாயை இழுத்தால் அது மெலிந்த இடத்தில் மடங்கிவிடும். ஆகவே அடிக்கூட்டைத் திறந்து, விளக்கடித்துப் பார்த்து, துருவைச் சுரண்டிய பிறகே இதில் இறங்க வேண்டும்.

பதிவுக்கான வரையறையை இவ்வாறு எழுதியிருக்கிறேன்: ‘நிலைவளைப்பு: எஃகுச் சட்டகத்தின் குழாயைச் சூடேற்றாமல் மீட்சி எல்லைக்கு அப்பால் வளைத்து, விசையை நீக்கிய பின்னும் புதிய அளவிலேயே நிற்கச் செய்தல். இடைவெளியைக் கூட்டுவது அகட்டல், குறைப்பது ஒடுக்கல். அலுமினியம், கார்பன் இழைச் சட்டகங்களுக்குப் பொருந்தாது.’

கடைசி வாக்கியம் சொற்பட்டியலில் இடம்பெறலாமா, அல்லது அடிக்குறிப்புக்குப் போக வேண்டுமா என்பதில் குழுவின் கருத்து எனக்குத் தேவை. என் விருப்பம், அது பதிவிலேயே இருக்க வேண்டும் என்பதே. தண்வளைப்பை முன்மொழிந்த அம்மையார் ஒப்புவாராயின் அதை இணைச்சொல்லாகக் காட்டவும் எனக்குத் தடையில்லை.

அன்புடன்,
கீழக்கரையிலிருந்து