உறுப்பு தானத்துக்குப் படிவம் 7 (உயிரோடு இருக்கும்போதே எழுதிக் கொடுக்கும் சம்மதம்) இருந்தால் குடும்பம் மறுக்கலாமா, கூடாதா?

தெம்பனீஸ்காரன்:
பக்கத்து இழையில் ஒருத்தர், "சிங்கப்பூர் மாதிரி, வேண்டாம்னு எழுதிக் கொடுக்காத எல்லாரும் உறுப்புக் கொடையாளிதான்னு ஒரு சட்டம் போட்டா தமிழ்நாட்டுல காத்திருப்புப் பட்டியலே இருக்காது"ன்னு அடிச்சுவிட்டிருக்கார். அந்த சிங்கப்பூர் உறுப்பு மாற்றுச் சட்டத்தை, ஹோட்டாவை, கொஞ்சம் படிங்க சாமி. 1987-ல் வந்தப்போ விபத்தில் இறந்தவங்களோட சிறுநீரகம் மட்டும்தான். கல்லீரல், இதயம், கருவிழி சேர்ந்தது 2004-ல். முஸ்லிம்கள் 2008-ல். நுரையீரலுக்கு இன்னைக்கும் தனிச் சம்மதம் வேணும். வேண்டாம்னு எழுதிக் கொடுத்தவருக்கே நாளைக்கு உறுப்பு தேவைப்பட்டா வரிசையில் பின்னாடிதான்.

கருப்புக்கோட்டு:
சிங்கப்பூர் எதுக்கு? நம்ம 1994 மனித உறுப்பு மாற்றுச் சட்டமே போதும். பிரிவு 3(2): ரெண்டு சாட்சி, அதில் ஒருத்தராவது நெருங்கிய உறவினர், அவங்க முன்னிலையில் எழுதிக் கொடுத்திருந்தா, உடலைப் பொறுப்பில் வச்சிருப்பவர் உறுப்பை எடுக்க வசதி செஞ்சு தந்தே ஆகணும். அவர் பிற்பாடு மனசு மாறினார்னு நம்பக் காரணம் இருந்தா மட்டும்தான் விலக்கு. படிவம் 7 இருந்தா குடும்பத்துக்கு மறுக்க உரிமை இல்லை. ஆஸ்பத்திரிகள்தான் பயந்து சாகுது.

ஐசியு_வாசல்:
வந்துட்டார்யா. 2014 விதிகளில் படிவம் 8 எதுக்கு வச்சிருக்காங்க, பஜ்ஜி மடிக்கவா? அது குடும்பம் சம்மதிச்சுக் கையெழுத்துப் போடுறது.

மூளைச்சாவு உறுதியாகிற வரிசையைச் சொல்றேன், கேட்டுக்கோங்க. முதல்ல மயக்க மருந்தோட தாக்கமும் உடல் குளிர்ச்சியும் இல்லைன்னு உறுதி செய்யணும். அப்புறம் கண்மணி, கருவிழி, இருமல் அனிச்சைகள். கடைசியா மூச்சுச் சோதனை: முழு ஆக்சிஜன் கொடுத்துட்டு வென்டிலேட்டரைக் கழற்றி, ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு 60-ஐத் தாண்டியும் மூச்சு வருதான்னு பார்க்கணும். குறைஞ்சது 6 மணி நேரம் கழிச்சு எல்லாத்தையும் மறுபடி. நாலு டாக்டர் படிவம் 10-ல் கையெழுத்து. இந்த இடைவெளியில் ரத்த அழுத்தம் சரியும், சிறுநீர் லிட்டர் லிட்டரா போகும், சோடியம் 155-ஐத் தாண்டினா கல்லீரலுக்கு ஆபத்து. விபத்துக் கேஸ்னா போலீஸ் விசாரணை, பிரேதப் பரிசோதனை வேற.

இவ்வளவுக்கும் நடுவுல, நெஞ்சு ஏறி இறங்குறதைக் கண்ணால பார்த்துட்டு நிக்கிற அம்மாகிட்ட "3(2) படி நகருங்கம்மா"ன்னு சொல்வீங்களா?

கருப்புக்கோட்டு:
உணர்ச்சி வசனம் வேண்டாம் சார். படிவம் 7 இருந்தா மறுக்கலாமா, கூடாதா?

ஐசியு_வாசல்:
அனுமதியில்லாம எடுத்தா பிரிவு 18. 2011 திருத்தப்படி 10 ஆண்டு வரை சிறை, 20 லட்சம் வரை அபராதம். வாசல்ல தாய்மாமன் வேண்டாம்னு கத்திக்கிட்டு இருக்கும்போது எந்த சர்ஜன் கத்தியை எடுப்பான்? நீங்க வக்காலத்து போட வருவீங்களா, அதுவும் ஃபீஸ் இல்லாம?

கருப்புக்கோட்டு:
தாய்மாமன் சட்டப்படி 'நெருங்கிய உறவினர்' பட்டியல்லயே இல்லை. தாத்தா பாட்டி, பேரன் பேத்தி வரைக்கும்தான்.

மலைக்கோட்டையான்:
இதுதான் பிரச்சனையா இப்போ? 2018-ல் சென்னையில் வெளிநாட்டு நோயாளிகளுக்கு இதயம் போனதா கிளம்பின சர்ச்சையைப் பேசுங்க. எங்க போகுதுன்னு தெரியாம எவன் கையெழுத்துப் போடுவான்?

ஐசியு_வாசல்:
மலைக்கோட்டை, எந்த இழையா இருந்தாலும் 2018-ஐத் தூக்கிட்டு வந்துடறீங்க. இந்தியர் யாருக்கும் பொருந்தலைன்னா மட்டும்தான் வெளியே போகணும். அந்த விதியை மீறினாங்களான்னு கேளுங்க, நியாயம். சம்மதத்துக்கும் அதுக்கும் என்ன முடிச்சு?

மலைக்கோட்டையான்:
நம்பிக்கைதான் முடிச்சு. அது புரியாதவங்க வாசல்லயே நிக்கட்டும்.

தெம்பனீஸ்காரன்:
இரண்டு பேரும் ஸ்பெயினைப் பாருங்க. 1979-லேயே எல்லாரும் கொடையாளின்னு சட்டம், அதனாலதான் உலகத்துல முன்னணி.

ஐசியு_வாசல்:
ஹோட்டாவைப் படிக்கச் சொன்னவர் ஸ்பெயினைப் படிக்கலை போல. சட்டம் 1979-ல் வந்தும் பத்து வருஷம் பெருசா ஒண்ணும் நடக்கலை. 1989-ல் ஓஎன்டிங்கிற தேசிய உறுப்பு மாற்று அமைப்பைத் தொடங்கி, ஐசியு டாக்டர்களையே ஒருங்கிணைப்பாளரா போட்ட பிறகுதான் பத்து லட்சம் பேருக்கு 14 கொடையாளியா இருந்தது 40-ஐத் தாண்டிச்சு. அங்கயும் குடும்பத்தைக் கேட்டுத்தான் எடுக்கிறாங்க. அதை நடத்தின ரஃபேல் மதேசான்ஸே சட்டத்தால் வந்த வெற்றியில்லைன்னு சொன்னவர். பிரேசில் 1997-ல் அதிரடியா சட்டம் போட்டுச்சு. 'கொடையாளி அல்ல'ன்னு அடையாள அட்டையில் பதிய ஜனம் கிளம்பிடுச்சு. 1998-லேயே வாபஸ்.

இங்க கெடுக்கிறது பேசுற விதம். சாவைச் சொல்ற வாயே அடுத்த நிமிஷம் தானம் கேட்கக் கூடாது. ரெண்டாவது சோதனைக்கு முன்னாடியே வாயைத் திறந்தா போச்சு, "அப்போ இன்னும் சாகலையா?"ன்னு கேட்பாங்க.

கருப்புக்கோட்டு:
ஸ்பெயின், பிரேசில் எல்லாம் சுத்தி வந்தாச்சு. படிவம் 7-க்கு மட்டும் பதில் வரலை.

ஐசியு_வாசல்:
படிவம் 8.

கருப்புக்கோட்டு:
விதி சட்டத்தை மீற முடியாது. முதல் வருஷப் பாடம்.

தெம்பனீஸ்காரன்:
ஸ்பெயின்ல சட்டம் இருக்குன்னுதானே சொன்னேன்? இல்லைன்னு நிரூபிங்க பார்ப்போம்.

மலைக்கோட்டையான்:
கண் தானம் இழையிலயும் ஐசியுவும் கருப்புக்கோட்டும் கண்ணை எடுக்கிற 6 மணி நேரக் கெடுவை எப்போலேர்ந்து எண்றதுன்னு மூணு பக்கம் அடிச்சுக்கிட்டாங்க. நடத்துங்க.

ஐசியு_வாசல்:
அதுலயும் நான் சொன்னதுதான் சரி. இறந்த நேரத்துலேர்ந்துதான்.