எஃப்எம்ஜிஇ தேர்வுக்கு நேரடி வகுப்பா, வீட்டிலிருந்தே படிப்பா?

நாமக்கல்_தங்கை

எல்லோருக்கும் வணக்கம். ஜார்ஜியாவில் எம்பிபிஎஸ் முடித்துவிட்டு ஊர் திரும்பியிருக்கிறேன். வெளிநாட்டில் எம்பிபிஎஸ் படித்தவர்கள் இங்கே டாக்டராக வேலை செய்யத் தேற வேண்டிய எஃப்எம்ஜிஇ தேர்வை டிசம்பரில் எழுத வேண்டும், இதுதான் முதல் தடவை. இப்போதைக்கு ஆப்பில் வீடியோ பார்த்துத்தான் படிக்கிறேன், ஆனால் வீட்டில் இருந்தால் நாள் எங்கே போகிறதென்றே தெரியவில்லை. பேத்தாலஜி வீடியோவைப் போட்டு உட்கார்ந்தால் யாராவது சொந்தக்காரர்கள் வந்துவிடுகிறார்கள், வந்தவர்கள் சும்மா போவதில்லை, "டாக்டரம்மா எப்ப கிளினிக் வைக்கப் போறீங்க" என்று கேட்டுவிட்டுத்தான் போகிறார்கள். வீடியோ என்னவோ ஓடி முடிந்துவிடுகிறது, அதே பாடத்தில் கேள்வி போட்டுப் பார்த்தால் பாதிக்கு மேல் தப்பு.

அப்பா சென்னையில் நேரடி கோச்சிங்கில் சேரச் சொல்கிறார். கட்டணமும் ஹாஸ்டலும் சேர்த்தால் லட்சத்தைத் தாண்டுகிறது. என் படிப்புக்கு வாங்கிய கடனே இன்னும் முடியவில்லை, அதனால் மனசு வரவில்லை. சேர்ந்தவர்கள் சொல்லுங்கள், அந்தக் காசுக்கு அது தகுமா? சென்னையா, கேரளாவா? எதைப் பார்த்துச் சேர வேண்டும்?

சிஆர்ஆர்ஐ_அக்கா

தங்கச்சி, நான் பிலிப்பைன்ஸில் படித்தேன், நேரடி வகுப்பில் சேர்ந்துதான் பாஸ் செய்தேன், இப்போது அரசு மருத்துவமனையில் சிஆர்ஆர்ஐ, அதாவது பயிற்சி டாக்டர். என்னைக் கேட்டால் உனக்கு வகுப்பு தேவைதான். ஆனால் பாடம் நடத்துகிறார்கள் என்பதற்காக இல்லை. பாடம் வீடியோவிலும் அதேதான், பல இடங்களில் அதே ஆசிரியர்கள்தான். ஹாலில் நடப்பது வேறு. எக்ஸ்ரே ஒன்றைத் திரையில் போட்டுவிட்டு மூன்றாவது வரிசை என்று கையை நீட்டுவார்கள், பதில் சொல்லியாக வேண்டும். தப்பாகச் சொன்னால் ஏன் தப்பு என்று அங்கேயே பிரித்துக் காட்டுவார்கள். அப்படி மாட்டிக்கொண்ட கேள்வி சாகும் வரை மறக்காது. வீடியோவில் நம்மை யாரும் கேட்பதில்லை, அவர் சொல்லச் சொல்லத் தலையை ஆட்டிவிட்டு நமக்கும் தெரியும் என்று நினைத்துக்கொள்கிறோம், உனக்கு நடப்பது அதுதான்.

ஒன்றை மட்டும் கவனி. காலை எட்டு மணிக்கு உட்கார வைத்து ராத்திரி வரை நோட்ஸ் எழுத வைக்கும் வகுப்பு என்றால் வேண்டாம். ஒரே பாடத்தை மூன்று நாள் ஓட்டிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார்கள், எழுதியதைத் திரும்பப் பார்க்கவே நேரம் இருக்காது. கடைசியில் அழகான நோட்ஸ் இருக்கும், மார்க் இருக்காது. வாரா வாரம் டெஸ்ட் வைத்து, மறுநாள் அந்தத் தாளை ஒவ்வொரு கேள்வியாக எடுத்துப் பேசுகிறார்களா என்று பார். அது இருந்தால் சேர், இல்லையென்றால் எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் தள்ளிவிடு.

ரீடிங்ரூம்_வாசி

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. நூறு பேர் எழுதினால் இருபது பேர் அளவில்தான் தேறுகிற தேர்வு இது, 2025 ஜூனில் 18.61 சதவீதம். தேறாதவர்களிலும் நேரடி வகுப்புக்குப் போனவர்கள் நிறைய இருக்கிறார்கள், என் நண்பர்களிலேயே இருக்கிறார்கள். இவருக்கு வீடு சரிப்படவில்லை, அவ்வளவுதான் பிரச்சினை. அதற்கு லட்ச ரூபாய் எதற்கு? அண்ணா நகரில் ஐஏஎஸ்ஸுக்குப் படிக்கிறவர்கள் உட்காரும் தனியார் ரீடிங் ரூம்கள் இருக்கின்றன, மாதச் சந்தாதான். நான் அங்கே ஒரு மேசையைப் பிடித்து, பழைய கேள்விகளையும் கிராண்ட் டெஸ்ட் எனும் முழு மாதிரித் தேர்வையும் மட்டும் போட்டுத்தான் வெளியே வந்தேன். நாமக்கல்லிலேயே மாவட்ட நூலகத்தில் உட்காரலாம்.

எழுத வேண்டியது 300 கேள்வி, காலையில் 150, மதியம் 150, ஒவ்வொன்றுக்கும் இரண்டரை மணி நேரம். 150 எடுத்தால் போதும், மைனஸ் மார்க் கிடையாது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: பிஎஸ்எம் (சமூக மருத்துவம்) 30, ஓபிஜி (மகப்பேறு, பெண்கள் மருத்துவம்) 30, கண், ஈஎன்டி, குழந்தை மருத்துவம் தலா 15. இதிலேயே 105 வந்துவிட்டது. பேத்தாலஜி, மைக்ரோ, பார்மா தலா 13. முதலில் அனாட்டமியைப் பிடித்துக்கொண்டு மாதக்கணக்கில் தொங்குகிறவர்கள்தான் மாட்டுகிறார்கள், அதற்கு 17 மார்க்தான்.

சிஆர்ஆர்ஐ_அக்கா

தம்பி சொல்லும் கணக்கு சரி, அதை நானும் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் வெளிநாட்டில் படித்தவர்களுக்கு இரண்டு பாடத்தில் தனியாக உட்கார்ந்தால் கை கொடுக்க ஆள் வேண்டும். பிஎஸ்எம் ஒன்று, ஃபாரன்சிக் (சட்டம் சார்ந்த மருத்துவம்) இன்னொன்று. நம் தடுப்பூசி அட்டவணையும் காசநோய்த் திட்டமும் ஆஷா பணியாளரின் வேலையும் ஜார்ஜியாவில் திபிலிசியில் யார் சொல்லித் தருவார்கள்? இங்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் நின்று பார்த்தவனுக்கு அது சாதாரணம், நமக்கு எல்லாமே புதுசு.

ஃபாரன்சிக் 10 மார்க்தான், ஆனால் அதில் பெரிய குழப்பம் இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் ஐபிசி என்ற பழைய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. கொலைக்குத் தண்டனை 302 என்று சினிமா பார்த்தே மனப்பாடம், இப்போது அது 103. கவனக்குறைவால் மரணம் 304ஏ, இப்போது 106. எண் மட்டும் மாறினால் பரவாயில்லை. கொடுங்காயம் என்று சொல்லக் கடுமையான உடல்வலி 20 நாள் இருக்க வேண்டும் என்று பழைய நோட்ஸில் இருக்கும், புதுச் சட்டத்தில் 15 நாள். நான் போன இடத்தில் விற்ற அச்சு நோட்ஸில் பழையதே இருந்தது, வகுப்பில் வந்த ஆசிரியர்தான் அடித்துத் திருத்தச் சொன்னார். சேரும் முன் அந்த ஃபாரன்சிக் நோட்ஸைக் கையில் வாங்கி இந்த ஒரு பக்கத்தைப் புரட்டிப் பார், இதைக்கூடத் திருத்தாதவர்கள் தடுப்பூசி அட்டவணையையும் திருத்தியிருக்க மாட்டார்கள். ஐபிவி (போலியோ ஊசி) மூன்றாவது தவணை ஒன்பதாம் மாதத்தில் இருக்கிறதா என்றும் பார், அது 2023இல் சேர்த்தது.

பையனின்_அப்பா

நான் டாக்டர் இல்லைம்மா, என் பையன் ரஷ்யாவில் படித்துவிட்டு வந்து கேரளாவில் வகுப்புக்குப் போனான். பாடம் ஆங்கிலம்தான், ஆனால் விளக்கம் பாதி மலையாளத்தில் போகும், முதல் சில வாரம் தடுமாறினான், அப்புறம் பழகிவிட்டது. அவனுக்கு உதவியது ஹாஸ்டலில் கிடைத்த கூட்டாளிகள்தான். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் நாலு பேர் உட்கார்ந்து ஒருத்தரை ஒருத்தர் கேள்வி கேட்பார்கள். வீட்டில் நாங்கள் என்ன கேட்க முடியும், "படிச்சியா" என்றுதான் கேட்போம். அப்பா பணம் தருகிறேன் என்றால் கடனை நினைத்து மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. ஆனால் முழுப் பணத்தையும் முதலிலேயே கட்டாதீர்கள், தவணை கேளுங்கள், பாதியில் நின்றால் என்ன திருப்பித் தருவார்கள் என்பதை எழுதி வாங்குங்கள். எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம் இதில் பெரிய தொகையை விட்டது.

நாமக்கல்_தங்கை

ரொம்ப நன்றி அக்கா, அண்ணா, ஐயா. எனக்கு பிஎஸ்எம் சுத்தமாகத் தெரியாது, அதைப் படித்ததும் பயமாகிவிட்டது. முழு கோர்ஸ் வேண்டாம், டெஸ்டும் கலந்துரையாடலும் உள்ள பேட்ச் கிடைக்குமா என்று பார்க்கிறேன். அதுவரை நூலகத்தில் உட்கார்ந்து சின்னப் பாடங்களை ஒரு சுற்று முடித்துவிடவா?

சிஆர்ஆர்ஐ_அக்கா

முடித்துவிட்டே போ. ஒன்றும் படிக்காமல் ரிவிஷன் வகுப்பில் போய் உட்கார்ந்தால் அவர்கள் ஓடும் வேகத்துக்கு எதுவும் ஒட்டாது. கண், ஈஎன்டி இரண்டையும் இந்த மாதமே ஆரம்பி. சேரும் முன் ஒரு நாள் டெமோ வகுப்பில் உட்கார அனுமதி கேள், முதல் நாள் வேண்டாம், அன்றைக்கு எல்லோரும் நன்றாகத்தான் நடத்துவார்கள், டெஸ்ட் பேசும் நாளாகக் கேள். டிசம்பர் தேர்வு என்று பெயர்தான், தேதி தள்ளிப் போகலாம், 2024 டிசம்பர் தேர்வு 2025 ஜனவரி 12 அன்றுதான் நடந்தது, அதனால் ஹாஸ்டல் வாடகையை அதற்கும் சேர்த்துப் போட்டு வை. டிகிரி உண்மையானது என்று படித்த நாட்டில் சான்றளிக்கும் அப்போஸ்டில் முத்திரையை வாங்கிவிட்டாயா? இல்லையென்றால் வகுப்பைப் பற்றி யோசிக்கும் முன் அந்த வேலையைப் பார்.