மறு: ஸ்கான்ஸ் – ‘சுவர் விளக்கு’ என்றாலே போதுமா?

நண்பர்களே,

ஸ்கான்ஸ் (sconce) என்பது சுவரில் மாட்டிய தகட்டிலிருந்து ஒரு கை நீண்டு ஏந்தும் விளக்கு. அதற்குச் ‘சுவர் விளக்கு’ என்ற பெயர் போதாது. டியூப் லைட்டும் சுவரில்தான் இருக்கிறது. வராந்தாவுக்காக இரண்டு பித்தளை ஸ்கான்ஸ் அடித்துக்கொண்டிருக்கிறேன், செய்முறையைத் தமிழில் எழுத உட்கார்ந்தபோதுதான் இந்தக் குறை உறைத்தது.

‘மாடவிளக்கு’ அழகான சொல், ஆனால் மாடம் சுவருக்குள் குடைந்தது, இதுவோ சுவரைவிட்டு வெளியே நீள்வது. ‘சுவரொட்டி’ போஸ்டருக்குப் போய்விட்டது, கறிக்கடையில் அது மண்ணீரல். ‘சுவரகல்’ கேட்க இனிமையாக இருந்தாலும் அகல் என்றதும் எண்ணெயும் திரியும்தான் கண்முன் வருகின்றன.

மூலச்சொல்லும் கைகொடுக்காது. லத்தீனில் ‘மறைத்துவை’ என்ற வினை, பழைய பிரெஞ்சில் காற்றுப்படாமல் மூடிய விளக்கு. அதனால் பொருளைப் பார்த்துத்தான் பெயர் வைக்க வேண்டும். 17ஆம் நூற்றாண்டு டச்சு வீடுகளில் பித்தளைத் தகட்டில் புடைப்பு வேலை செய்து, மெருகேற்றிச் சுவரில் மாட்டி, அதிலிருந்து ஒரு கை நீட்டி மெழுகுவத்தி வைத்தார்கள், தகடு வெளிச்சத்தை அறைக்குள் திருப்பிவிடும். தகடும் கையும்தான் இதன் உயிர்.

நான் எடுத்தது 0.7 மி.மீ. தகடு. அடிக்க அடிக்கப் பித்தளை இறுகிவிடும், அவ்வப்போது மங்கலாகச் சிவக்கும்வரை காய்ச்சி ஆறவிட்டால்தான் மறுபடி இளகும். அவசரப்பட்டு அதைத் தவிர்த்ததில் என் முதல் தகடு ஓரத்தில் விரிசல் விட்டது, இரண்டு நாள் உழைப்பு வீண். அப்புறம், உலோகம் என்பதால் எர்த் கம்பியைத் தகட்டிலேயே திருக வேண்டும், இதை யாரும் விட்டுவிடாதீர்கள்.

சரி, என் பரிந்துரை: ஏந்துவிளக்கு. பாவை விளக்கில் பெண் அகலை ஏந்தி நிற்கிறாளே, அதே ஏந்தல்தான், இங்கே ஏந்துவது சுவர். தொங்குவிளக்கு போல இதுவும் வினைத்தொகை, வாயில் எளிதாக வரும். கையே இல்லாமல் சுவரோடு படிந்திருப்பவை சுவர் விளக்காகவே இருக்கட்டும். உறுப்புகளுக்குப் பின்தகடு, ஏந்துகை.

ஒன்றுதான் இன்னும் இடிக்கிறது. மெழுகு சொட்டாமல் பிடித்த சிறு கிண்ணம், இப்போது பல்ப் ஹோல்டரை மறைக்க மட்டும் இருக்கிறது. ‘சொட்டுத்தட்டு’ என்று எழுதி வைத்திருக்கிறேன், ஆனால் இப்போது சொட்ட எதுவும் இல்லையே. உங்களுக்கு என்ன தோன்றுகிறது?