வாத்துக்குஞ்சு எழுந்து நிற்கவில்லை, அவசரம்

மாடிவீடு_ஈரோடு:
வணக்கம். சந்தையில் கோழிக்குஞ்சும் வாத்துக்குஞ்சும் சேர்த்து வாங்கி வந்தேன். ஒரே பெட்டியில்தான் வளர்க்கிறேன். கோழிக்குஞ்சு எல்லாம் துள்ளி ஓடுகிறது. வாத்துக்குஞ்சில் இரண்டு மட்டும் நேற்றிலிருந்து எழுந்திருக்கவில்லை. என்ன மருந்து கொடுக்கலாம்? சீக்கிரம் சொல்லுங்கள்.

கொங்குத்தோட்டம்:
எத்தனை நாள் குஞ்சுங்க? என்ன தீவனம்? பல்பு போட்டிருக்கிறீர்களா? கீழே என்ன விரித்திருக்கிறீர்கள்? இது தெரியாமல் மருந்து எப்படிச் சொல்வது?

வயலோரம்:
குளிர்தான் காரணமாக இருக்கும். முதல் வாரம் 35 டிகிரி சூடு வேண்டும், அப்புறம் வாரத்துக்கு 3 டிகிரி குறைக்கலாம். பல்புக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தால் சூடு பற்றவில்லை. ஓரமாக ஒதுங்கி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம்.

பண்ணை_மூத்தவர்:
வாங்குவதற்கு முன்பு கேட்க வேண்டியதை வாங்கிய பிறகு கேட்கிறீர்கள். பழைய இழைகளில் எல்லாம் எழுதி வைத்திருக்கிறேன், தேடிப் படிக்கலாம். முதலில் கோழிக்குஞ்சையும் வாத்துக்குஞ்சையும் தனித்தனியாகப் பிரித்து வையுங்கள். வாத்து தண்ணீரை அலசி அலசிக் கொட்டும். அந்த ஈரத்தில் கோழிக்குஞ்சுக்கு ரத்தக்கழிச்சல் வரும்.

மாடிவீடு_ஈரோடு:
போன வாரச் சந்தையில் வாங்கியது. அரிசி நொய் ஊறவைத்துப் போடுகிறேன். கீழே செய்தித்தாள். 60 வாட் பல்பு எரிகிறது.

கொங்குத்தோட்டம்:
இப்போதுதான் விஷயம் பிடிபடுகிறது. முழங்கால் மூட்டு வீங்கியிருக்கிறதா, கால் வில் மாதிரி வளைந்திருக்கிறதா என்று தூக்கிப் பாருங்கள். அப்படியென்றால் நியாசின் குறைவு, அதாவது பி3 சத்து. வாத்துக்குஞ்சுக்கு ஒரு கிலோ தீவனத்தில் 55 மில்லிகிராம் வேண்டும். கோழிக்குஞ்சுக்கு அதில் பாதி இருந்தாலே சமாளிக்கும், அதனால்தான் அவை ஓடுகின்றன. வெறும் நொய்யில் அந்தச் சத்து மிகக் குறைவு. குஞ்சுத் தீவனத்துக்கு மாற்றி, ப்ரூவர்ஸ் ஈஸ்ட் (பி சத்து நிறைந்த ஈஸ்ட் தூள்) கொஞ்சம் கலந்து போடுங்கள். கால்நடை மருந்துக்கடையில் கோழிக்கான பி காம்ப்ளெக்ஸ் சொட்டு மருந்து கிடைக்கும், தண்ணீரில் கலக்கும் அளவைக் கேட்டு வாங்குங்கள்.

செய்தித்தாளையும் எடுத்துவிடுங்கள். நனைந்த தாளில் கால் வழுக்கி இரு பக்கமும் விரிந்துபோகும், அதுவும் எழாததற்குக் காரணமாகலாம். நெல் உமி இரண்டு அங்குலம் போடுங்கள்.

கடலோரத்தான்:
எங்கள் பக்கம் கருவாட்டுத்தூள் கலந்து போடுவோம். வாத்து கிண்ணென்று வரும்.

கொங்குத்தோட்டம்:
உப்புக் கருவாடு வேண்டாங்க. குஞ்சுகளுக்கு உப்பு ஏறினால் தாங்காது. உப்பில்லாமல் காய்ந்த மீன் என்றால் சரி.

வயலோரம்:
குடிதண்ணீர்க் கிண்ணத்தையும் கவனியுங்கள். வாத்துக்குஞ்சுக்கு மூக்குத்துளை முங்கும் ஆழம் வேண்டும். தீவனம் பசை மாதிரி ஒட்டி மூக்கு அடைத்துக்கொள்ளும், அலசினால்தான் போகும். ஆனால் நீந்த விடாதீர்கள். தாய் இல்லாத குஞ்சுக்கு இறகில் எண்ணெய்ப் பசை இருக்காது, நனைந்து விறைத்துவிடும்.

பண்ணை_மூத்தவர்:
கோழிக்குஞ்சுக்கு லசோட்டா, அதாவது வெள்ளைக்கழிச்சல் என்ற வைரஸ் நோய்க்கான தடுப்பு மருந்து, போட்டீர்களா? ஏழாம் நாளுக்குள் கண்ணில் ஒரு சொட்டு. வாத்து வெள்ளைக்கழிச்சல் கிருமியைச் சுமந்துகொண்டே ஆரோக்கியமாகத் திரியும், கோழிதான் சாகும்.

கடலோரத்தான்:
நாட்டுக்கோழிக்கு எதற்குத் தடுப்பு மருந்து? கீழாநெல்லி, மஞ்சள், பூண்டு அரைத்து உருட்டிக் கொடுத்தால் போதும்.

பண்ணை_மூத்தவர்:
வெள்ளைக்கழிச்சல் வந்தபின் பிழைக்க வைக்கும் மருந்து கிடையாது. நீங்கள் சொல்லும் நாட்டு மருந்து பசியைத் தூண்டலாம், வைரஸைத் தடுக்காது. தெருவே காலியானதைப் பார்த்தவன் சொல்கிறேன்.

கடலோரத்தான்:
என் வீட்டில் பாட்டி காலத்திலிருந்து இதுதான். நீங்கள் சொல்வதற்காக மாற்ற முடியாது.

வயலோரம்:
இதைத் தனி இழையில் வைத்துக்கொள்ளலாமே. அவர் குஞ்சு என்ன ஆயிற்று?

மாடிவீடு_ஈரோடு:
மூட்டு வீங்கித்தான் இருந்தது. சொட்டு மருந்து, உமி, தனிப் பெட்டி எல்லாம் செய்தாயிற்று. ஒன்று இன்று காலை நின்றது. இன்னொன்று இறக்கையை ஊன்றித் தவழ்கிறது, ஆனால் தீனி எடுக்கிறது. நாளை கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு போகிறேன். நன்றி.

பண்ணை_மூத்தவர்:
போகும்போது கோழிக்குஞ்சுகளையும் எடுத்துப் போங்கள். லசோட்டா பற்றி இன்னும் பதில் சொல்லவில்லை.