புதுப்பிப்பு: டிவி வாங்கியாச்சு, 43 இன்ச்தான்

முப்பதாயிரத்துக்குள் 43 இன்ச்சா, 50 இன்ச்சா என்று போன மாதம் கேட்டிருந்தேன். எங்கள் கீழக்கரை வீட்டு ஹாலில் சோபாவிலிருந்து சுவருக்கு ஆறரை அடிதான். அதனால் 43 இன்ச் 4கே. ஐம்பதுக்கு ஆசைப்பட்ட மச்சான் இன்னும் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார்.

கடையில் பளிச்சென்று இருந்த படம் வீட்டில் ஒரே நீலம். பிக்சர் மோடை ‘விவிட்’டிலிருந்து ‘சினிமா’வுக்கு மாற்றியதும் முகங்கள் மனித நிறத்துக்கு வந்தன. அசைவுகளை மழமழவென்று காட்டும் ‘மோஷன் ஸ்மூத்திங்’ வசதியையும் அணைத்தேன். இல்லாவிட்டால் சினிமாகூட சீரியல் மாதிரி வழுக்குகிறது.

அப்புறம் உப்புக்காற்று. பழைய டிவியில் கேபிள் செருகும் எச்டிஎம்ஐ துளையில் பச்சை பூத்திருந்தது. இந்த முறை கடல் பக்க ஜன்னலை விட்டுத் தள்ளி, உள்சுவரில் மாட்டியிருக்கிறேன். வெயில் எதிரொளிப்பும் போச்சு. வாப்பாவுக்கு மட்டும் ரிமோட் இன்னும் பிடிபடவில்லை. சத்தம் குறைக்கப் போய் ஏதாவது ஆப்பைத் திறந்துவிடுகிறார்.