சவரக்கத்தி: கழுத்தில் மட்டும் எரிச்சல்

மூன்று மாதமாக 5/8 அங்குல அகல சோலிங்கன் (ஜெர்மன் தயாரிப்பு) சவரக்கத்தியில்தான் சவரம். கன்னம் வழவழவென்று வந்துவிடுகிறது. தாடைக்குக் கீழே, குரல்வளையை ஒட்டித்தான் பிரச்சினை: கத்தி வழுக்காமல் முடியைப் பிடுங்குகிறது. படிகாரம் தேய்த்தால் சுரீரென்று எரியும், மறுநாள் சிவப்புப் புள்ளிகள். அந்த இடத்தில் முடி எனக்குக் கீழ்நோக்கி வளராமல் காதுப் பக்கமாகப் படுத்து வளர்கிறது.

சவரத்துக்கு முன் தோல்வாரில் 50 தடவை தீட்டுகிறேன். கை முடியைச் சுலபமாக வெட்டுகிறது, கூர் போதும் என்றே நினைக்கிறேன். தோலுக்கும் கத்திக்கும் இடையே கோணம் 30 டிகிரி. வெந்நீர் ஒத்தடமும் கொடுத்தாயிற்று. போர் தண்ணீரில் நுரை சீக்கிரம் காய்ந்ததால் கேன் தண்ணீரில் குழைத்தேன். நுரை நன்றாக நின்றது, எரிச்சல் குறையவில்லை.

பக்கவாட்டில் வளரும் கழுத்து முடிக்கு, தோலை எந்தப் பக்கம் இழுத்துப் பிடித்து, கத்தியை எந்தத் திசையில் நகர்த்துகிறீர்கள்?