நண்டு உருளைக்கிழங்கு கட்லெட் உடையாமலிருக்க ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். வேகவைத்து மசித்த உருளைக்கிழங்குடன் உதிர்த்த நண்டுச் சதையைச் சேர்த்துக் கட்லெட் செய்யும்போது, கையில் தட்டுகையில் உறுதியாக இருக்கும் கலவை, எண்ணெயில் இட்ட சற்று நேரத்திலேயே ஓரங்களில் விரிந்து உடைந்துவிடுகிறது. கிழங்கைத் தோலுடன் வேகவைத்து, ஆவி அடங்கும்வரை ஆறவிட்டே மசிக்கிறேன். சதையையும் மெல்லிய துணியில் கட்டிப் பிழிந்துவிடுகிறேன். ஆனால் பிழியும் நீரோடு நண்டின் இனிப்பும் போய்விடுகிறதே என்பதுதான் பெரிய குறை. முட்டையையும் ரொட்டித்தூளையும் கூட்டினால் கட்லெட் நிற்கிறது, சுவை நிற்பதில்லை. கிழங்குக்கும் சதைக்கும் எந்த விகிதம் சரி, பொரிப்பதற்கு முன் குளிர்பதனப் பெட்டியில் அரை மணி நேரம் வைத்தால் போதுமா, பிழிந்த நீரைச் சுண்டவைத்துக் கிழங்கிலேயே சேர்க்கலாமா என்பதைச் செய்து பார்த்தவர்கள் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும். மிளகைத் தவிர வேறு மசாலா வேண்டாம் என்பது என் கட்சி.